யானை இலத்தியிலிருந்து ஈஸ்ட்டுக்கு ஒரு மரபணு

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆலையோரம் மலைபோல் குவிந்து கிடக்கும் வெற்றுக் குலைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழங்களை உதிர்த்தபின் எஞ்சும் நார்க்குவியல் அது. ஆலைக்குள் வரும் குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி வெளியேறுகிறது. ஒரு பகுதி உரமாகத் தோட்டத்திற்கே திரும்புகிறது. அந்த நாருக்குள் சர்க்கரை ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதை வெளிக்கொணர்ந்து பயனாக்கும் முயற்சியின் நாயகன் நமக்குப் பழகிய ஈஸ்ட்தான். பாட்டிமார் கள் ஊற்றி ஆப்ப மாவைப் புளிக்க வைத்த நாளிலேயே அது நம் சமையலறைக்குள் வந்துவிட்டது. ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. 1996இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. உட்கரு உள்ள உயிர்களுள் அவ்வாறு முதன்முதலில் வாசிக்கப்பட்டது இதுவே. அதிலுள்ள மரபணுக்கள் சுமார் 6,000.

வாசிக்கத் தெரிந்தால் திருத்தவும் முடியும் அல்லவா? கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர் 2006இல், மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்கு மூலப்பொருளாகும் அமிலத்தை ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்துக் காட்டினர். 2013இல் அந்த விளைச்சல் லிட்டருக்கு 25 கிராமை எட்டியது. நெகிழி தயாரிக்க உதவும் லாக்டிக் அமிலத்தையும் ஈஸ்ட் தரும். புளிப்பைத் தாங்கும் இயல்பு அதற்கு உண்டு என்பதால் இவ்வேலைக்குப் பொருத்தமானது.

ஆனால் இந்தத் தொழிலாளிக்குக் கூலி சர்க்கரை. கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் அதை எடுத்தால், மனிதனின் தட்டிலிருந்து எடுத்து எந்திரத்திற்கு ஊட்டுவதாகிவிடும். ஆகவேதான் மனிதன் உண்ணாத நாரின் பக்கம் அறிவியலாளர்கள் திரும்பினர்.

நாரில் இரு முக்கியச் சர்க்கரைகள் பிணைந்துள்ளன. செல்லுலோஸை உடைத்தால் ஆறு கரியணுக்கள் கொண்ட குளுக்கோஸ் கிடைக்கும். ஈஸ்ட் அதை விரும்பி உண்ணும். ஹெமிசெல்லுலோஸை உடைத்தால் பெரும்பாலும் ஐந்து கரியணுக்கள் கொண்ட சைலோஸ் கிடைக்கும். இதை நொதிக்க வைக்க ரொட்டி ஈஸ்ட்டுக்குத் தெரியாது. இந்தப் பங்கை வீணாக்கினால் ஆலைக்கு இலாபம் நிற்காது.

முதல் தீர்வு, சைலோஸை உண்ணும் வேறொரு ஈஸ்ட்டின் இரண்டு மரபணுக்களை இரவல் வாங்குவது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ 1990களில் இவ்வழியில் முன்னேறினார். ஆனால் அதன் இரு படிகளுக்கும் வெவ்வேறு துணைப்பொருள்கள் தேவை. வரவு செலவு ஒத்துப் போகாதபோது சைலிட்டால் என்னும் பொருள் பாதி வழியில் தேங்கிவிடும்.

இரண்டாவது தீர்வு யானையிடமிருந்து வந்தது! யானையின் குடலில் நாரைச் செரிக்க உதவும் பைரோமைசிஸ் என்ற பூஞ்சை உண்டு. யானை இலத்தியிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் பூஞ்சையின் ஒரு மரபணுவை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தினர் ஈஸ்ட்டில் புகுத்தினர். இந்த நொதி துணைப்பொருள் கேட்காமல் ஒரே படியில் வேலையை முடித்துவிடும். 2003இல் முடிவு வெளியானபோது அந்த ஈஸ்ட் மிக மெதுவாகவே வளர்ந்தது. ஆய்வாளர்கள் சைலோஸை மட்டுமே உணவாகக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். வேகமாக வளர்ந்தவை நிலைத்தன, மற்றவை பின்தங்கின. மரபணுவைப் புகுத்தியது மனிதன். அதைப் பழக்கியது இயற்கைத் தேர்வு.

இன்னும் தடைகள் உண்டு. நாரை வெப்பத்தாலும் அமிலத்தாலும் உடைக்கும்போது அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் உண்டாகி ஈஸ்ட்டை வாட்டும். குளுக்கோஸ் உள்ளவரை சைலோஸை அது சீண்டாது. ஆய்வுக்கூட வெற்றி சந்தை வெற்றியும் ஆகாது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சோளத்தட்டையிலிருந்து எத்தனால் தயாரிக்க 2014இல் திறக்கப்பட்ட ஓர் ஆலை, அரசுக் கொள்கைச் சிக்கலைக் காரணம் காட்டி 2019இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

எனவே இத்துறைக்கு உயிரியல் படித்தவர் மட்டும் போதாது. நாரை மலிவாக உடைக்கும் வேதிப் பொறியாளரும், விலைக்கணக்குப் போடும் பொருளியல் மாணவரும் வேண்டும். நம் தாத்தாமார் தோளில் சுமந்து இறக்கிய குலைகளில் எஞ்சிய சர்க்கரையை மீட்கும் பணி அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்காகக் காத்திருக்கிறது.