செல்ஃப் எடுக்காத டிராக்டரும் சாவி சுவிட்சும்

முந்தைய நாள் மழையில் மண் பதமாகியிருக்கிறது. ரோட்டவேட்டரை மாட்டியாகிவிட்டது, டேங்கில் டீசலும் இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் மினி டிராக்டரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி போய்விட்டது என்பார் ஒருவர். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். இரண்டுக்குமே ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்தப் பேச்சில் பெரும்பாலும் யாரும் சந்தேகப்படாத ஒன்று, மீட்டர் போர்டில் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கும் சாவி சுவிட்ச். சில சமயம் நிலைமை தலைகீழாக இருக்கும். பழுது வேறெங்கோ இருக்க, நல்ல சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டியிருப்பார்கள். இரண்டு தவறையும் தவிர்க்க, சாவியைத் திருப்பும்போது மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்தால் பிளக்கில் தீப்பொறி நின்றுவிடும், இஞ்சினும் நின்றுவிடும். டீசல் இஞ்சினில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. சிறிய டீசல் இஞ்சினில் பிஸ்டன் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக இறுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினின் அடிப்படை இதுதான். ஓடத் தொடங்கிவிட்ட பழைய பாணி டீசல் இஞ்சின் தொடர்ந்து ஓட மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் பல டிராக்டர்களில் சாவியை அணைத்த பிறகும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. டீசலை அடைக்கும் குமிழை இழுத்தால்தான் நிற்கிறது. புதிய மாடல்கள் பலவற்றில் அந்தக் குமிழின் வேலையை ஒரு மின்காந்த வால்வு செய்வதால், அங்கே சாவியை அணைத்தாலே இஞ்சின் நின்றுவிடும்.

அப்படியானால் டீசல் டிராக்டரில் சாவிக்கு என்ன வேலை? குபோட்டா போன்ற ஜப்பானிய வகை மினி டிராக்டரின் சுவிட்சைப் பின்பக்கமாகத் திருப்பினால் விடை தெரியும். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளுக்கு அருகில் 30, ஏசி, 19, 50 என்று பொறித்திருக்கும். இவற்றில் 30 பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர். சாவி அணைந்திருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால் 30-லிருந்து ஏசிக்கு மின்சாரம் பாய்ந்து எச்சரிக்கை விளக்குகளும் மீட்டர்களும் உயிர்பெறும். சூடேற்றும் நிலையில் 19-க்குப் போகும் மின்சாரம், சிலிண்டர் தலையில் இருக்கும் ஹீட்டர் பிளக்குகளைச் சிவக்கச் சூடாக்கும். ஸ்டார்ட் நிலையில் 50 வழியாக செல்ஃப் மோட்டாருக்கு ஆணை போகும். 30, 19, 50 ஆகிய எண்கள் ஜெர்மனியின் டின் 72552 என்ற தரநிலையிலும் இதே பொருளில்தான் வருகின்றன. இந்த எண்கள் உள்ள வண்டியில் ஒயரின் நிறத்தைவிட எண்ணை நம்புவது நல்லது.

ஆணை போகும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறிய டீசல் இஞ்சினைச் சுற்றவே செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் தேவை. விரல்முனை அளவுள்ள சுவிட்ச் தகடுகள் அதைத் தாங்காது. எனவே சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்தத்தைத்தான் இயக்குகிறது. சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. முதலாவது தண்டை வலுவாக இழுக்கும், இரண்டாவது இழுத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பில் செல்ஃப் மோட்டாரின் சின்னப் பற்சக்கரம் முன்னே வந்து ஃப்ளைவீல் பற்களில் மாட்டிக்கொள்கிறது. தண்டின் மறுமுனையில் இருக்கும் செம்புத் தகடு பேட்டரியின் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது.

டிராக்டர்களுக்கு இந்த வசதி வருவதற்கு முன் இருந்தவர்கள் இஞ்சினைக் கிளப்பப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1921-ல் ஜெர்மனியில் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரில், சிலிண்டர் தலையை ஊதுவிளக்கால் சூடாக்கிய பிறகே இஞ்சினைச் சுழற்ற முடியும். கேட்டர்பில்லர் 1931-ல் விற்ற டீசல் டிராக்டரில் பெரிய இஞ்சினைக் கிளப்புவதற்கென்றே ஒரு சின்ன பெட்ரோல் இஞ்சின் இருந்தது. பிரிட்டனின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரை ஒரு தோட்டாவை வெடித்தும் ஸ்டார்ட் செய்யலாம். ஆனால் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912-ம் ஆண்டு கேடிலாக் மாடலிலேயே வந்துவிட்டது.

சாவி சுவிட்ச் எப்படிச் சாகிறது என்பதைப் பழுதான ஒன்றைப் பிரித்தால் பார்க்கலாம். உலோகக் கூட்டின் மடிப்பை நிமிர்த்தினால் பின்பக்க பிளாஸ்டிக் தட்டு கழன்று வரும். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும், சாவியோடு சுழலும் பித்தளைத் தகடும், அது உரசிச்செல்லும் சில புடைப்புகளும் இருக்கும். நல்ல சுவிட்சில் அந்தப் புடைப்புகள் மஞ்சளாக மினுங்கும். பழுதானதில் 50-க்கும் 19-க்கும் உரிய புடைப்புகள் கரிபிடித்து, நடுவே குழிவிழுந்திருக்கும். சுற்றியுள்ள கிரீஸில் வயல் தூசி கலந்து கருஞ்சேறாகியிருக்கும். வெப்பம் அதிகமானால் பிளாஸ்டிக் இளகி, புடைப்பே உள்ளே அமிழ்ந்து போயிருக்கும்.

தூசியும் மழைநீரும் இதற்குப் பாதிக் காரணம். சாவி நுழையும் துளை வானத்தைப் பார்த்து இருக்கும் டிராக்டர்களில், கழுவும் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. மீதிக் காரணம் சுமை. ஒரு ஹீட்டர் பிளக் தோராயமாக 8 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். மூன்று சிலிண்டர் இஞ்சினில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போனால், ஒவ்வொரு குளிர்ந்த காலையிலும் 24 முதல் 30 ஆம்பியர் வரை அந்தப் புடைப்பு சுமக்க வேண்டும். சொலினாய்டின் இழுக்கும் சுருளும் தொடங்கும் கணத்தில் நிறைய மின்சாரத்தை உறிஞ்சுகிறது. தொடுமுனைகள் சேரும்போதும் பிரியும்போதும் எழும் பொறி ஒவ்வொரு தடவையும் பித்தளையைக் கொஞ்சம் தின்கிறது. வீட்டுச் சாவி, ஷெட் சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தில் தொங்கவிட்டால், வண்டி குலுங்கும்போது அந்த எடை சுவிட்சின் உள்பாகத்தை ஆட்டித் தேய்த்துவிடும்.

பழுதைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது கண்ணும் காதும்தான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கி, ‘டக்டக்டக்’ என்று சத்தம் வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினலில் உப்பு பூத்திருக்கிறது என்று பொருள். சொலினாய்டு இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து பிடி விடுகிறது; விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது. அந்தப் போராட்டத்தின் சத்தம்தான் அது. விளக்கு கொஞ்சமும் மங்காமல், எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தால், ஆணை செல்லும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த கருவி, ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையிலிருக்கும் டெஸ்ட் லாம்ப். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ரோட்டவேட்டரை இயக்கும் பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். மற்றவர் சக்கரங்களுக்கு முன்னால் நிற்காமல், லாம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி மறுமுனையால் சொலினாய்டின் மெல்லிய ஒயரைத் தொட வேண்டும். பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பழுது சொலினாய்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது. எரியவில்லை என்றால் சுவிட்சின் 50-ஐத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எரிந்தால் சுவிட்ச் குற்றமற்றது. கியரிலோ கிளட்ச் மிதிக்காமலோ ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க இடையில் உள்ள நியூட்ரல் சுவிட்சையோ கிளட்ச் சுவிட்சையோ சோதிக்க வேண்டும். 50-லும் எரியாமல் 30-ல் மட்டும் எரிந்தால், குற்றவாளி சாவி சுவிட்ச்தான். 30-லேயே எரியவில்லை என்றால் பேட்டரிக்கு அருகிலுள்ள பெரிய பியூஸ் போயிருக்கலாம்.

இந்தச் சோதனையில் மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்புண்டு. கரிபிடித்த தொடுமுனை, புல் அடைத்த வாய்க்காலைப் போன்றது. கடைமடையில் தண்ணீர் திறக்காதவரை மட்டம் சரியாகவே தெரியும். மல்டிமீட்டர் மிகச் சொற்ப மின்சாரத்தையே எடுப்பதால் பழுதான சுவிட்சிலும் 12 வோல்ட் காட்டிவிடும். எனவே செல்ஃபுக்கு ஆணை போகும் அந்த நேரத்திலேயே மீட்டரின் ஒரு முனையை 30-லும் மறுமுனையை 50-லும் வைத்து அளக்க வேண்டும். நல்ல சுவிட்சில் இந்த இடைவெளி 0.2 வோல்ட்டைத் தாண்டாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்சின் காலம் முடிந்துவிட்டது.

சுவிட்ச் பழுது என்று தெரிந்ததும் சிலர் திருப்புளியால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு டெர்மினல்களைச் சேர்த்து வண்டியைக் கிளப்புகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் என்று காவலுக்கு வைத்த எல்லாவற்றையும் அந்தத் திருப்புளி தாண்டிவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரே டிராக்டரை முன்னே தள்ளும். அடுத்த கணம் டீசலும் பற்றிக்கொள்ளும். திருப்புளியோடு குனிந்திருப்பவர் நிற்கும் இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். தப்பிக்க நேரமே கிடைக்காது. அமெரிக்க டிராக்டர்களில் செல்ஃப் மோட்டாருக்கு அருகிலேயே, இருக்கையில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், கியரில் கிளப்பினால் உயிர் போகும் என்று எச்சரிக்கை ஒட்டியிருப்பது இப்படிப் போன உயிர்களால்தான்.

சுவிட்ச் மாற்றுவது அரைமணி நேர வேலை. முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே ஷார்ட் ஆகும். எர்த் கழன்றபின் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கவலையில்லை. மீட்டர் போர்டின் கீழ்மூடியைத் திறந்து, கையை உள்ளே விடுவதற்கு முன் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஒயர்கள் ஒரே பிளக்கில் வந்தால் பூட்டு நாக்கை அழுத்தியபடி இழுக்க வேண்டும். தனித்தனி லக்காக (ஒயர் முனையின் உலோக மாட்டி) இருந்தால் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண்ணை எழுதிவிட வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் லக்கிலிருந்து அறுந்துவரும், லக்கைப் பிடித்தே இழுக்க வேண்டும். பிறகு முன்பக்க வளைய நட்டைக் கழற்றினால் சுவிட்ச் பின்பக்கமாக வந்துவிடும்.

கடையில் பழைய சுவிட்சையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். முகம் ஒரே மாதிரி இருந்தும் பின்பக்க எண்களின் இடம் மாறியிருக்கலாம். சூடேற்றும் நிலை இல்லாத பெட்ரோல் வண்டி சுவிட்சும் அதே துளையில் பொருந்தலாம். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு நிலையிலும் எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிடலாம். ஒயர் முனைகள் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெப்பத்தில் நீலம் பாரித்துத் தளர்ந்த லக்கை வெட்டிவிட்டுப் புது லக் போட வேண்டும். பழைய லக்கோடு புது சுவிட்சை மாட்டினால் அந்தத் தளர்ந்த மூட்டு புது சுவிட்சையும் சுட்டுவிடும்.

எர்த் கேபிளைக் கடைசியாக மாட்டிய பிறகு சோதனை. ஆன் நிலையில் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். சூடேற்றும் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் கையை விட்டதும் சாவி தானாகத் திரும்ப வேண்டும். ஸ்டார்ட்டிலேயே சாவி சிக்கிக்கொண்டால் செல்ஃப் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து கருகும். அப்போது டீசலை நிறுத்திவிட்டு எர்த் கேபிளைக் கழற்றுவதுதான் ஒரே வழி. கடைசியாக இருக்கையில் அமர்ந்து, கிளட்சை முழுதாக மிதித்தபடி கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நியூட்ரல் சுவிட்ச் உள்ள வண்டியில் செல்ஃப் எடுக்கக் கூடாது.

புது சுவிட்சும் சில மாதங்களில் போய்விட்டால் அதன் தரத்தை மட்டும் குறைசொல்வதில் பயனில்லை, சுமையைக் குறைக்க வேண்டும். அதற்கு ஆட்டோ எலக்ட்ரிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போதும். அதன் 86 என்ற எண்ணுள்ள முனையில் நியூட்ரல் சுவிட்சைக் கடந்து வரும் ஸ்டார்ட் ஒயரைச் சேர்க்க வேண்டும். நேராகச் சுவிட்சிலிருந்து இழுத்தால் பாதுகாப்பு போய்விடும். 85-ஐ எர்த்தோடும், 30-ஐ பியூஸ் வழியாக பேட்டரியோடும், 87-ஐ சொலினாய்டின் மெல்லிய ஒயரோடும் இணைத்தால் வேலை முடிந்தது. ரிலேயின் சுருள் எடுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சொலினாய்டின் சுமை முழுவதையும் ரிலே ஏற்றுக்கொள்வதால், 50-ம் எண் தொடுமுனையைத் தின்னும் பொறி அடங்கிவிடுகிறது. இதேபோல் இன்னொரு ரிலேயை 19-க்கும் போட்டால் ஹீட்டர் பிளக் சுமையும் சுவிட்சை விட்டு இறங்கிவிடும்.