யுரேனியத்தின் நடுவட்டம்

ராஜபாளையத்துப் பாறைகளை நிலவியல் படித்தவர்கள் வெளிநாடுகளிலும் அறிவார்கள். சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டியபடி இருக்கும் பாறை இங்கே உண்டு. 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்த பாறையில்தான் அந்தச் சேர்க்கை அமையும். அது வெந்த காலத்தைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. பாறைக்குள் இருந்த நுண்துகள்களின் யுரேனியம், தோரியம், ஈயம் ஆகியவற்றை அளந்து, 54 கோடி முதல் 100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில், பல கட்டங்களாக அது வெந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. ஆக, ராஜபாளையம் பக்கத்துக் கற்களிலும் இம்மியளவு யுரேனியம் இருக்கிறது. அது கல்லை விட்டு வெளியே வந்தபின் யாரோடு சேரும், எப்படிச் சேரும் என்பதுதான் வேதியியலில் சுவாரசியமான பகுதி.

கல்லுக்குள் யுரேனியம் பெரும்பாலும் +4 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும். நீரில் எளிதில் கரையாது. காற்றும் மழைநீரும் பட்டால் +6 நிலைக்கு மாறி, இரண்டு ஆக்சிஜன் அணுக்களை எதிரெதிர்த் திசையில் இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த நேர்க்கோட்டு அயனிக்கு யுரேனைல் என்று பெயர். யுரேனியத்துக்கும் அந்த ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம்தான். அவற்றை அசைப்பது கடினம். வேறு மூலக்கூறுகள் வந்து சேர மிஞ்சியிருப்பது நடுவட்டம் மட்டுமே. மாட்டுவண்டிச் சக்கரத்தில் அச்சுக்குக் குறுக்காக ஆரக்கால்கள் அமைவதுபோல, நான்கு முதல் ஆறு அணுக்கள் அந்த வட்டத்தில் சுமார் 2.3 முதல் 2.5 ஆங்ஸ்ட்ராம் தள்ளி அமர்கின்றன. யுரேனைல் பிற மூலக்கூறுகளோடு சேர்வது ஏறக்குறைய முழுவதும் இந்த வட்டத்தில்தான் நடக்கிறது.

1935-இலேயே ஃபான்குகென் என்ற படிகவியலாளர் சோடியம் யுரேனைல் அசிட்டேட்டின் அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார். அந்த அமைப்பில் மூன்று அசிட்டேட்டுகள், ஆளுக்கு இரண்டு ஆக்சிஜனாக, வட்டத்தின் ஆறு இடங்களையும் நிரப்பியிருக்கின்றன.

கல்பாக்கத்தில் எரிந்து முடிந்த அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்பதும் இதே கணக்கில்தான். அங்கே வேலை செய்யும் ஈனி (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறு), டிரைபியூட்டைல் பாஸ்பேட். யுரேனைல் நைட்ரேட் கரைந்த நைட்ரிக் அமிலத்தைப் பிரிபுனலில் ஊற்றி, டோடெக்கேனில் கலந்த இந்தத் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால், அடியிலிருந்த மஞ்சள் நிறம் மேலே மிதக்கும் எண்ணெய் அடுக்குக்கு ஏறிவிடும். கண்ணெதிரே நடப்பதன் காரணம் அணு அளவில் தெளிவானது. இரண்டு நைட்ரேட்டுகள் வட்டத்தில் நான்கு இடங்களை எடுத்துக்கொண்டு, யுரேனைலின் இரண்டு நேர்மின்சுமையையும் சமன் செய்கின்றன. மிச்சமுள்ள இரண்டு இடங்களில், எதிரெதிராக, இரண்டு பாஸ்பேட்டுகள். அவற்றின் பியூட்டைல் வால்கள் வெளிப்புறம் விரிந்து, நீருக்கு ஒவ்வாத போர்வையாகிவிடுகின்றன. சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் இப்படி அமர இயலாமல் அமிலத்திலேயே தங்குகின்றன.

இந்த ஈனிக்கும் ஒரு குறை உண்டு. புளூட்டோனியம் அதிகமாக ஏறினால் எண்ணெய் அடுக்கே இரண்டாகப் பிரிந்து, கனமான மூன்றாம் அடுக்கு உருவாகும். அதில் புளூட்டோனியம் செறிவது ஆபத்து. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் வாலை மாற்றிப் பார்த்தார்கள். நான்கு கார்பனுக்குப் பதில் கிளைவிட்ட ஐந்து கார்பன் வால் கொண்ட டிரை-ஐசோஅமைல் பாஸ்பேட்டில் அந்தப் பிரிவு வெகுவாகக் குறைகிறது. உலோகத்தைத் தொடும் ஆக்சிஜன் அதேதான், மாறியது வால் மட்டுமே. இவ்வளவு சிறிய திருத்தம் ஒரு ஆலையின் பாதுகாப்பையே மாற்றக்கூடியது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கடலிலும் இதே நடுவட்டக் கதைதான். கடல்நீரில் லிட்டருக்கு 3.3 மைக்ரோகிராம் யுரேனியம் கரைந்திருக்கிறது. அங்கே மூன்று கார்பனேட்டுகள் நடுவட்டத்தை அடைத்திருக்கும். வடிவம் பழைய அசிட்டேட் படிகத்தை ஒத்ததே. இந்த யுரேனியத்தைப் பிரித்தெடுக்க, கார்பனேட்டை விலக்கி உள்ளே புகும் ஈனியாக அமிடாக்சைம் உள்ளது. பாலிபுரொப்பிலீன் இழைகளில் எலக்ட்ரான் கற்றை கொண்டு அதை ஒட்டவைக்கும் வேலையை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்திருக்கிறது. அந்த இழைகளுக்குப் பெரிய தொல்லை கடல்நீரிலுள்ள வனேடியம். யுரேனைல் தன் இரண்டு ஆக்சிஜனை விடாமல் நடுவட்டத்தில் மட்டும் இடம் தருகிறது. வனேடியமோ தன் ஆக்சிஜன்களை உதிர்த்துவிட்டு, அமிடாக்சைம் வகை ஈனியோடு முழுவதுமாகப் பிணையக்கூடியது. 2016-இல் அத்தகைய ஒரு சேர்மத்தின் படிக அமைப்பு வெளியானது. அப்படி ஏறிய வனேடியத்தை இழையிலிருந்து கழற்றக் கடுமையான அமிலம் வேண்டியிருக்கிறது. அந்த அமிலம் இழையையும் கெடுத்துவிடுகிறது.