ராஜா முகர்ந்த பீங்கான் பூ!

ராஜா குனிந்து பூவை முகர்ந்தார். கமகமவென்று வாசனை. உற்றுப் பார்த்தால்... அட, பீங்கான்!

பிரான்ஸை ஆண்ட பதினைந்தாம் லூயியைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்வார்கள். தோட்டம் முழுக்கப் பீங்கான் பூக்களை வைத்து, சென்ட்டும் தெளித்து அவரை ஏமாற்றியவர், அவருடைய காதலி மேடம் பொம்படூர். கதை நிஜமோ, கப்ஸாவோ, பூக்கள் நிஜம். (பீங்கான் பூவை 'நிஜம்' என்பது கொஞ்சம் ஓவர்தான்!)

பாரிஸுக்குப் பக்கத்தில் வான்சென் கோட்டைக்குள் 1740-ல் தொடங்கிய பட்டறை அது. பூப் பிரிவில் மேடம் கிராவான் என்ற பெண்மணியின் கீழ் சுமார் 45 பெண்கள். கோலிக்குண்டைவிடச் சின்னதாக ஒரு மண் உருண்டை. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஓர் இதழ் ரெடி! இப்படி ஒவ்வோர் இதழாக ஒட்டி ஒட்டி ஒரு பூ.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், மண் ஒத்துழைக்க வேண்டுமே? அசல் பீங்கானுக்குக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். அந்த ரகசியம் ஜெர்மனியின் மைசென் தொழிற்சாலையிடம் 1710-லிருந்தே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்த மண்ணில் கயோலின் அகப்பட்டது 1768-ல்தான். அதுவரை, கண்ணாடி மாதிரி உருக்கிப் பொடித்த மணலைச் சேர்த்து ஒப்பேற்றினார்கள். அதில் பிசுபிசுப்பே கிடையாது. பிடிப்புக்காகப் பசையும் சோப்பும்கூடக் கலந்தார்களாம்! அப்புறம் சூளையில் வைத்தால் சுருங்கும், சரியும், விரிசல் விடும். எத்தனை பூ பாழாச்சோ, எந்தப் பெண் திட்டு வாங்கினாளோ!

பிழைத்த பூவுக்கு வர்ணம் தீட்டி, கம்பியைக் காம்பாக்கி விற்றார்கள். 1749-ல் வான்சென் விற்பனையில் முக்கால்வாசிக்கு மேல் பூதான். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டால், கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது தட்டும் கோப்பையும் இல்லை, அந்த விரல்கள்தான்.

அந்தச் சமயத்தில்தான் பிரான்ஸின் பட்டத்து இளவரசருடைய மனைவி மரி ஜோசப் தன் அப்பாவுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பினார். மொத்தம் 480 பூக்கள்! அப்பா யார் தெரியுமோ? சாக்ஸனியை ஆண்ட மூன்றாம் அகஸ்டஸ். மைசென் தொழிற்சாலைக்கே சொந்தக்காரர். திருநெல்வேலிக்கே அல்வா!

பீங்கானில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை என்று புகுந்த வீடு பிறந்த வீட்டுக்குக் காட்டிய பந்தா அது. அந்தக் கொத்து இன்று ட்ரெஸ்டன் நகர மியூசியத்தில் இருக்கிறது. பெயர், 'இளவரசியின் பூங்கொத்து'. அனுப்பியவர் பெயரை வைத்துவிட்டார்கள். மண்ணை உருட்டிய 45 பேரைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்!