ஓய்வுக்குப் பின் கார்: சொந்தமா, குத்தகையா?

பணி நிறைவுபெற்ற முதல் சில மாதங்களில் எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பர். பணிக்கொடையை எதில் முதலீடு செய்வது என்பது ஒன்று. புதிய கார் வாங்கலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு வாரக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, இரண்டாவதற்கு ஒரே மாலையில், விற்பனைக் கூடத்திலேயே விடை கண்டுவிடுகின்றனர்.

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் தம் மனைவியுடன் வந்திருந்தார். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, அனைத்துச் செலவுகளும் சேர்த்து 9 லட்சம் ரூபாய்க்கான கார் விலைப்பட்டியல். மற்றொன்று, அதே காரை மூன்றாண்டுகளுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகையில் தரும் குத்தகைத் திட்டம். "இதில் எது லாபம் சார்?" என்று கேட்டார் அவர். உடனிருந்த அம்மையார், "இவரால் ஓட்ட முடியாத நாள் வந்தால் இரண்டில் எது எங்களுக்குச் சுமையாகும்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஓய்வுக்காலத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அம்மையார் கேட்டதுதான் என்பது எங்கள் கருத்து.

எத்தனை ஆண்டுகள் ஓட்டுவோம்?

சொந்தக் காரில் நம் பணம் முடங்குகிறது. ஆண்டுதோறும் அதன் மதிப்பும் தேய்கிறது. காப்பீட்டு நோக்கில் வாகனத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது, ஓராண்டு கடந்ததும் 20 விழுக்காடும், மூன்றாண்டு கடந்ததும் 40 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படுகின்றன. இழப்பின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே நேர்கிறது என்பதை இது காட்டும்.

மேற்சொன்ன 9 லட்சம் ரூபாய்க் காரையே எடுத்துக்கொள்வோம். அதனை எட்டாண்டுகள் ஓட்டி, 2.5 லட்சத்துக்கு விற்பதாகக் கொண்டால், தேய்மானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 81,000 ரூபாய். முடங்கிய பணத்துக்கு 7 விழுக்காடு வட்டி இழப்பு, சராசரியாக ஆண்டுக்கு 40,000 ரூபாய். காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் 35,000 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 13,000 ரூபாய் ஆகிறது. குத்தகை வாடகையோ 20,000 ரூபாய். சொந்தக் காரே சிக்கனம்.

அதே காரை மூன்றே ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு விற்க நேர்ந்தால் கணக்கு மாறிவிடும். தேய்மானம் ஆண்டுக்கு 1,33,000, வட்டி இழப்பு 49,000, பராமரிப்பும் காப்பீடும் 35,000 என மாதச் செலவு 18,000 ரூபாயைத் தாண்டுகிறது. குத்தகைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எரிபொருள் இரண்டிலும் தனிச் செலவு. தொகைகள் காருக்குக் கார் மாறினாலும் கருத்து மாறாது: நீண்டகாலம் ஓட்டுவோர்க்குச் சொந்தக் கார், சில ஆண்டுகள் மட்டும் போதும் என்போர்க்குக் குத்தகையையும் எண்ணிப் பார்க்கலாம்.

சட்டமும் இங்கே ஒரு நினைவூட்டலைத் தருகிறது. 55 வயதைக் கடந்தபின் புதுப்பிக்கப்படும் ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். புதுப்பிக்க மருத்துவச் சான்றும் வேண்டும். காரின் பதிவு பதினைந்து ஆண்டுகள். நம் உரிமமோ ஐந்தைந்து ஆண்டுகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுப்பது நலம்.

குடும்ப ஓய்வூதியம் தாங்குமா?

குத்தகை என்பது மாதந்தோறும் தவறாமல் செலுத்த வேண்டிய கடப்பாடு. ஓய்வூதியமோ என்றும் ஒரே அளவில் தொடர்வதன்று. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர் 80,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் ஓய்வு பெற்றால், அதில் பாதியான 40,000 ரூபாய் ஓய்வூதியமாகக் கிடைக்கும். அவர் மறைவுக்குப் பின் துணைவியாருக்குச் சேரும் குடும்ப ஓய்வூதியத்தின் வழக்கமான விகிதம் 30 விழுக்காடு, அதாவது 24,000 ரூபாய். தொடக்கத்தில் சில ஆண்டுகள் உயர்விகிதம் உண்டெனினும் அது நிலையானதன்று. அகவிலை நிவாரணம் இரண்டுக்கும் உண்டு. ஆயினும் 24,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்ட வருவாயிலிருந்து 20,000 ரூபாய் கார் வாடகை செலுத்துவது எளிதன்று.

ஆகவே, குத்தகை வாடகையைத் தம் ஓய்வூதியத்தோடு ஒப்பிடுவதைவிடத் துணைவர் பெறப்போகும் தொகையோடு ஒப்பிடுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சொந்தக் காரில் இந்த இடர் இல்லை. தேவையில்லை எனில் விற்றுவிடலாம். பதிவுச் சான்றில் நியமனதாரர் பெயரைச் சேர்க்கும் வசதி 2021 முதல் உள்ளது. அதனைப் பயன்படுத்தினால் பெயர் மாற்றமும் எளிதாகும்.

கையொப்பமிடும் முன்

குத்தகை ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை ஊன்றிப் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், மிகுந்தால் கட்டணம் என்ன? இடையில் முறித்துக்கொண்டால் எவ்வளவு செலுத்த வேண்டும்? திருப்பித் தரும்போது கீறலுக்கும் நெளிவுக்கும் யார் பொறுப்பு? குத்தகைதாரர் மறைந்தால் ஒப்பந்தம் என்னவாகும்? நான்காம் கேள்விக்கான விடையை எழுத்தில் பெறுங்கள். பணியில் இருந்தபோது நிறுவனத்தின் வழியாகக் குத்தகை எடுத்தோர் பெற்ற வருமான வரிப் பயன், ஓய்வுக்குப் பின் கிடைப்பதில்லை என்பதையும் மறவாதீர்.

சொந்தமாக வாங்குவோர்க்கும் ஒரு சொல். பணிபுரிந்த மாநிலத்தில் காரை வாங்கி, பின்னர்ப் பிள்ளைகள் வாழும் மாநிலத்தில் குடியேறுவோர் உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் கார் அங்கேயே இருப்பின் மறுபதிவு செய்ய வேண்டும்; புதிய மாநிலத்தின் சாலை வரியும் செலுத்த வேண்டும். எங்கு வாழப்போகிறோம் என்பது உறுதியான பின் வாங்குவதே சிக்கனம். பழைய காரை விற்றுப் புதிது வாங்குவோர், காப்பீட்டில் சேர்ந்துள்ள 'நோ கிளெய்ம் போனஸ்' தம்முடையது என்பதை அறிந்து, அதனைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அது 50 விழுக்காடு வரை செல்லும்.

மூன்றாவது வழி

அலுவலகம் செல்லும் வேலை ஓய்ந்தபின், மருத்துவமனை, கோயில், உறவினர் இல்லம் என்று மாதத்தில் எட்டு நாட்களே கார் தேவைப்படுவோர் பலர். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வாடகை என்றாலும், ஓட்டுநரும் எரிபொருளும் உட்பட மாதம் 8,000 ரூபாயில் அவர்கள் தேவை முடிந்துவிடும். கடன் தீர்ந்த பழைய கார் நல்ல நிலையில் இருப்பின் அதைவிடச் சிக்கனமானது வேறில்லை.

அந்தத் தம்பதியரிடம் ஆறாண்டுப் பழைய கார் ஒன்று இருந்தது. அதனையே ஓராண்டு வைத்துக்கொண்டு, எத்தனை நாள், எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்று நாட்குறிப்பில் எழுதி வருமாறு கூறினோம். 9 லட்சம் ரூபாயை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் செலுத்தினர். அதன் வட்டி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் கணக்கில் சேரும். விண்ணப்பத்தை நிரப்பும்போது, நியமனதாரர் பகுதியில் அவர் தம் மனைவியின் பெயரை எழுதினார். கார் பதிவுச் சான்றிலும் அதே பெயரைச் சேர்த்துவிடுமாறு அம்மையார் அவருக்கு நினைவூட்டினார்.