பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தக் குரூப்? மாத்தூர் பெற்றோர் அறிய வேண்டியவை

வடசென்னை மாத்தூரைச் சுற்றிலும் ஆலைகள். மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், அதைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம். இவற்றுக்குள் ஒரு பிள்ளை ஒப்பந்தக் கூலியாகப் போகுமா, படித்த தகுதியோடு போகுமா என்பது பிளஸ் டூ முடிவு வரும் நாளில் தீர்மானமாவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

குரூப் ஏன் முக்கியம்?

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும். கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்தால் 80+35+38, அதாவது 153. வணிகவியல் குரூப் எடுத்தவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. பி.காம்., சி.ஏ. என்று அவருடைய பாதை வேறு. தோழி எடுத்தாள் என்பதற்காக எடுக்கும் குரூப் பிறகு வழியை மறித்துவிடும்.

பள்ளியை மாற்றலாமா?

பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கும் முன் யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இது வந்தது. இதன் மூலம் பொறியியலில் சேருவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை போய்விடும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. அது 2022 செப்டம்பர் 5-இல் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது.

பிளஸ் டூ மட்டுமே வழியா?

இல்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேரலாம். அருகிலேயே சிபிசிஎல் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். ஐடிஐ முடித்தவர் ஆலைகளில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

எதைத் தயாராக வைக்க வேண்டும்?

சாதி, வருமானச் சான்றிதழ்களையும், வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் கூட்டத்தில் சிக்கி நாள் போகும்.

பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டுதல் இருக்கிறது. கல்லூரியில் சேராமல் விடுபட்டவர்களுக்காக உயர்வுக்குப் படி முகாம்கள் நடக்கின்றன. சந்தேகம் இருந்தால் கல்வி உதவி எண் 14417-ஐ அழைக்கலாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் பாருங்கள். எந்தக் குரூப், எந்தப் படிப்பு, அதற்கு எவ்வளவு செலவு என்று பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அதற்காக அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை.