சாலையோரக் கற்கள் – 9: எழுத்தறியாதவருக்கும் வழி சொன்ன கல்

சென்ற இதழில், நாமக்கல் குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் திருமாலுக்குக் கோயில் எடுத்த அதியர் மரபைப் பார்த்தோம். அதே மரபின் பெயரில் சில நூற்றாண்டுகள் கழித்து நடந்த இன்னொரு காரியம், அந்தக் குடைவரைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. சாலையோரத்தில் கல் நட்டு, நடந்து போகிறவருக்குத் தூரம் சொன்னார்கள்.

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலத்தோடு சேர்ந்திருந்தது. அந்தப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் ‘அதியமான் பெருவழி’ என்று சாலையின் பெயரைச் சொல்கின்றன. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது ஒரு கல். 27 காதம் என்கிறது மற்றொன்று. தாவளம் என்றால் வணிகர்கள் சரக்கோடு தங்கிப் போகும் இடம். அக்காலத்தில் தகடூர் அதியமான்கள் சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். சாலைக்கு மட்டும் தங்கள் பெயரையே வைத்தார்கள்.

கல்வெட்டு அதோடு முடிந்திருந்தால் அது அரசனின் பெருமையைச் சொல்லும் இன்னொரு கல்லாகவே நின்றிருக்கும். எழுத்தோடு குழிகளையும் வெட்டிவைத்ததுதான் இதன் சிறப்பு. பெரிய குழி ஒன்று பத்துக் காதம். சிறிய குழி ஒன்று ஒரு காதம். இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் இருந்தால் 29. பொதிமாடு ஓட்டி வருகிறவர், தலைச்சுமைக்காரர், பாஷை தெரியாத வெளியூர் வியாபாரி என யார் வந்தாலும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இருட்டிவிட்டால் விரலால் தடவியும் கணக்குப் போடலாம். இன்னும் எத்தனை நாள் நடை, எங்கே மாட்டை அவிழ்ப்பது, கையிருப்பு அரிசி போதுமா என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும்.

இதே ஏற்பாடு சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலும் இருந்தது. ஆத்தூர் தாண்டி, தலைவாசலுக்கு அருகே, வசிஷ்ட நதிக் கரையில் இருக்கிறது ஆறகழூர். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகர் அது. திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்த பொன்பரப்பின வாணகோவரையன் இந்த ஊர்க்காரர்தான். இங்கே கிடைத்த கல் ‘மகதேசன் பெருவழி’ என்று சாலையைப் பெயர் சொல்லி, காஞ்சிபுரம் 16 காதம் என்று காட்டுகிறது. அதற்கும் குழிகள் உண்டு, பதினாறு குழிகள். ஆறகழூரில் கால் வைத்தவருக்குக் காஞ்சி எத்தனை தூரம் என்ற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டியது ஆட்சியின் வேலை என்ற எண்ணமும் இருந்திருக்கிறது.

ரோமானியர் தங்கள் சாலைகளில் தூண் நட்டு, பேரரசர் பெயரையும் தூரத்தையும் எழுதினார்கள். முகலாயர் வட இந்தியச் சாலைகளில் ஒரு குரோசத்துக்கு ஒன்றாகக் கோபுரம் எழுப்பினார்கள். தொலைவிலிருந்தே அது கண்ணில் படும். நம் பக்கத்துச் சிற்றரசர்கள் படித்தவருக்கு எழுத்தும் படிக்காதவருக்குக் குழியுமாக ஒரே கல்லில் இரண்டையும் வைத்தார்கள். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை என்று இன்று வண்ணம் பூசுவதும் அந்த வழியில் வந்த அறிவுதான்.

ஆனால் அந்தச் சாலைகளின் வரலாறு இன்றைய சாலையில் இல்லை. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் பறக்கும் வண்டிகள் தலைவாசலைக் கடக்கின்றன. பக்கத்தில் ஒரு தலைநகர் இருந்தது, இந்தத் திசையில்தான் காஞ்சிக்கு ஒரு பெருவழி போனது என்று பயணிக்குத் தெரிய வழியில்லை. கல்வெட்டைப் படியெடுத்துப் பதிப்பிப்பதும், கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காப்பதும் மிக நல்ல வேலைகள். ஆனாலும் வழி காட்டும் கல்லுக்கு வழிதான் இடம். அங்கிருந்து பெயர்த்துவிட்டால் கல் பிழைக்கும். அது எந்த மண்ணில் நின்று பேசியது என்பது ஊருக்கு மறந்துபோகும்.

ஊர் மறக்காமல் வைத்திருக்கும் கற்களும் உண்டு. தருமபுரி, சேலம் பக்கத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்டும் புலியோடு போராடியும் உயிர் விட்டவர்களுக்கு நட்ட கற்கள் அவை. பொங்கல் வைத்துப் படைக்கிற கை இருப்பதால் அவை இடம் மாறாமல் நிற்கின்றன. மைல்கல்லுக்கு அப்படிக் கும்பிட ஆள் இல்லை. ஆகவே அதைக் காப்பது அரசும் ஊராட்சியும் மனம் வைத்துச் செய்ய வேண்டிய காரியம்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கல் கிடைத்த இடத்தில் அதன் நகலை நட வேண்டும். பக்கத்தில் பெரிய எழுத்தில், எளிய தமிழில் ஒரு பலகை: யார் போட்ட சாலை, எந்த நூற்றாண்டு, எந்த ஊருக்கு எத்தனை காதம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்க் குழிகளை எண்ணச் சொல்ல வேண்டும். எழுத்தறியாத வழிப்போக்கருக்கும் எழுநூறு ஆண்டுக்கு முன் பதில் சொன்ன மண் இது. படித்தவர் நிறைந்த இந்தக் காலத்தில் ஒரு பலகை வைக்க நமக்கு என்ன தடை?

அடுத்த வாரம்: 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரி.

(தொடரும்)