தாராப்பூர் எரிபொருள் சிக்கல்

இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் மகாராட்டிர மாநிலம் தாராப்பூரில் 1969 முதல் இயங்கி வருகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்த அதன் இரு கொதிநீர் உலைகளுக்குச் செறிவூட்டிய யுரேனியம் தேவை. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடே உண்டு; அப்பங்கை உயர்த்துவதே செறிவூட்டல். இந்தியாவில் அன்று அவ்வசதி இல்லை. எனவே 1963 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 30 ஆண்டுகளுக்கு அமெரிக்கா எரிபொருள் தர வேண்டும்.

1974 இல் இந்தியா பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. தன் அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டுக்கு எரிபொருள் தருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1978 இல் இயற்றியது. பின்னால் வந்த உள்நாட்டுச் சட்டம் முன்னர்க் கையெழுத்தான ஒப்பந்தத்தை முடக்கலாமா என்ற இந்தியாவின் கேள்வி நியாயமானதே. அமெரிக்காவின் அச்சமும் வெறுங்கற்பனை அன்று. சோதனைக்கான புளூட்டோனியம், அமைதிப் பணிகளுக்கென்று கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட சைரஸ் உலையிலிருந்து வந்தது.

1982 இல் பிரான்சு கைகொடுத்தது. பின்னர் சீனாவும் உருசியாவும் எரிபொருள் வழங்கின. பொக்ரான் சோதனையை அடுத்து உருவான அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு, 2008 செப்டம்பரில்தான் இந்தியாவுக்கு விலக்களித்தது. இந்திய உலைகளில் பெரும்பாலானவை இயற்கை யுரேனியத்தில் இயங்கும் கனநீர் உலைகளாக இருப்பதற்கு, செறிவூட்டலுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.